மச்சானின் அத்தர் கடை மூழ்கிய கதை

காயல்பட்டினத்துக்காரர்களான எங்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எந்த நாட்டில் என்ன காரியம் ஆக வேண்டுமென்றாலும் அங்கே ஒரு சொந்தக்காரர் இருப்பார். அவர் காதில் போட்டால் முடிந்துவிடும். இந்த நம்பிக்கையை நான் அலுவலகத்துக்கும் கொண்டுபோனதுதான் வினையாகிவிட்டது.

தூத்துக்குடியில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. மீன்பிடிப் படகுகளுக்கான அபாய அறிவிப்புக் கருவி செய்கிறோம். படகு மூழ்கும் நிலை வந்தால் சிவப்புப் பட்டனை அழுத்த வேண்டும். செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவுக்குச் செய்தி போய்விடும். வெளிநாட்டில் விற்பதானால் அந்தந்த நாட்டுத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். அதற்குத் திட்டம் போடுவது என் பொறுப்பு. (எம்.இ. படித்திருந்தேன். அந்தத் திமிர் தனி.)

முதல் ஆர்டர் ஒரு வளைகுடா நாட்டிலிருந்து வந்தது. பெட்டிகள் துறைமுகத்துக்குப் போகத் தயார், அனுமதிதான் பாக்கி. அங்கேயே கம்பெனி நடத்தும் ஒருவர் எங்கள் பிரதிநிதியாக இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. அதற்கென்றே ஏஜென்டுகள் உண்டு. நான் முதலாளி அண்ணாச்சியிடம் போனேன்.

“ஏஜென்ட் எதுக்கு அண்ணாச்சி? எங்க ராத்தா மாப்பிள்ளை அங்கன அத்தர் கடை வச்சிருக்காங்க.”

“அத்தருக்கும் இதுக்கும் என்னல சம்பந்தம்?”

“கம்பெனி வேணும்னுதான் கேக்காங்க. என்ன கம்பெனின்னு கேக்கலையே.”

அண்ணாச்சி நம்பிவிட்டார். மாதிரிக் கருவி ஒன்றை மச்சான், அதாவது என் அக்காவின் கணவர், கடைக்கு அனுப்பினேன். சோதனைக்கூடம் கேட்கும்போது அவர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். “பத்திரமா வச்சுக்குங்க மச்சான்” என்று சொன்னேன். பட்டனைத் தொடக் கூடாது என்று சொல்லவில்லை. சிவப்பாக இருக்கிறதே, அதுவே சொல்லிவிடும் என்று நினைத்தேன்.

மச்சான் மிகப் பொறுப்பான மனிதர். அதுதான் சிக்கல். தொலைத்தொடர்புத் துறையிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, கருவி வேலை செய்கிறதா என்று கேட்டிருக்கிறார். “நல்லா வேலை செய்யுது” என்று சொல்லிவிட்டார் மச்சான். போனை வைத்ததும் மனசு உறுத்தியது. பார்க்காமலே சொன்னால் பொய்யாகிவிடுமே. பட்டனை அழுத்தினார். சத்தம் ஒன்றும் வரவில்லை. அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் கருவியை எங்கே அழுத்தினாலும் இடத்தைக் காட்டும் திரை ஒன்று இங்கே அலுவலகச் சுவரில் உண்டு. அது அலறியது. அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

“ஏலே, படகு மூழ்குது. எங்கன இருக்குன்னு பாரு.”

பார்த்தேன். வரைபடத்தைப் பெரிதாக்கி இன்னொரு முறை பார்த்தேன்.

“கடைத்தெருவுல அண்ணாச்சி.”

மச்சானைக் கூப்பிட்டால் லைன் கிடைக்கவில்லை. கருவியோடு பதிவாகியிருந்த அவர் எண்ணைக் கூப்பிட்டு மீட்பு மையம் பேசிக்கொண்டிருந்தது. மச்சானின் அரபி, அத்தர் விற்கப் போதுமான அரபி. அந்தப் பேச்சை அவரே பிறகு தமிழில் சொன்னார்.

“எத்தனை பேர் இருக்கீங்க?”

“மூணு பேர்.”

“தண்ணி உள்ள வந்துட்டா?”

“காலையிலயே வந்துட்டு. டேங்க் ரொம்பிட்டு.”

“எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பீங்க?”

“ராத்திரி கடை அடைக்கிற வரைக்கும்.”

சற்று நேரத்தில் சீருடைக்காரர்கள் ஜீப்பில் வந்து கருவியையும் மச்சானையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள். செய்தி எப்படியோ ராத்தாவுக்கு எட்டிவிட்டது.

“ஏண்டா, உன் மச்சான் கடற்கரைக்கே போமாட்டாங்க. எப்படிடா மூழ்குவாங்க?”

அழுகிறாளா, அடிக்கப்போகிறாளா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. என் புத்திசாலித்தனத்துக்காக ஒரு நல்ல மனிதர் அந்நிய தேசத்தில் காவலில் உட்கார்ந்திருந்தார்.

மாலையில் எச்சரித்து விட்டுவிட்டார்கள். விசாரித்த அதிகாரி ஒருவர் மறுநாள் கடைக்கு வந்து காசு கொடுத்து அத்தர் வாங்கிப்போனாராம். எங்கள் விண்ணப்பம்தான் திரும்பி வந்தது. ஏஜென்ட் பிடித்து, முதலிலிருந்து தொடங்கி, அனுமதி கிடைக்கும்வரை பெட்டிகள் குடோனில் தூங்கின. அண்ணாச்சி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. “உன்னை அனுப்பிட்டா நான் யாரைச் சொல்லிச் சிரிக்க?” என்றார்.

இன்றும் ராத்தா மச்சானுக்குப் போன் போட்டால் சலாம் சொன்ன கையோடு “கடை மிதக்குதா?” என்றுதான் கேட்பாள். ராத்தா மகளைக் கட்டிப் புதிதாக வந்த மருமகன் இதைக் கேட்டுக் குழம்பி, மாமா கடை கப்பலிலா இருக்கிறது என்று என்னைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார். முழுக் கதையையும் சொன்னேன்.

இப்போது அவரும் “கடை மிதக்குதா?” என்றுதான் கேட்கிறார். மச்சானிடம் அல்ல, என்னிடம்.