கடுகு வேண்டாம் என்றவர்

ரொட்டிக்குள் கடுகு விழுது இருந்தது. வேண்டாம் என்று பெலார்மினோ மூன்று தடவை சொல்லியிருந்தார், அதில் ஒரு தடவை எழுந்து நின்று.

செத்தூபல் துறைமுக நகரின் பத்திரப் பதிவு அலுவலகத்தை முப்பத்தொரு வருடம் கட்டியாண்டு ஓய்வு பெற்றவர் அவர். மனைவி போய் ஆறு வருடம். எதிரே உட்கார்ந்திருந்த எர்மெலிண்டாவும் கணவரை இழந்தவர். தன்னைக் கல்யாணம் செய்துகொள்வாரா என்று அவரிடம் இன்று கேட்டுவிடுவதற்காக, பெலார்மினோ நான்கு பக்கத்துக்கு உரை எழுதிக் கொண்டுவந்திருந்தார். இந்தப் பன்றிக்கறி ரொட்டிக் கடையைச் சொன்னது எர்மெலிண்டாதான். பெலார்மினோவிடம் விட்டிருந்தால் மேசை விரிப்பு உள்ள இடமாகப் பார்த்திருப்பார்.

"வழிச்சுப் போட்டுட்டு சாப்பிடுங்களேன். கறி நல்லாத்தான் இருக்கு," என்றார் எர்மெலிண்டா.

நன்றாகத்தான் இருந்தது. பூண்டிலும் வெள்ளை ஒயினிலும் ஊறிய கறி. ஒரு வாய் கடித்ததும் பெலார்மினோவின் கண் தானாக மூடியது. அதில் கோபம் இன்னும் ஏறியது.

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கு, எர்மெலிண்டா."

கைதட்டினார். பரிசாரகர் ஸெஃபெரினோ அவசரமில்லாமல் வந்தார்.

"இது என்ன?"

"கடுகுங்கய்யா."

"நான் என்ன சொன்னேன்?"

"வேண்டாம்னீங்க. ரொம்பத் தெளிவா சொன்னீங்க."

தட்டு உள்ளே போனது. திரும்பி வந்த ரொட்டியில் கடுகு இல்லை. கறியும் இல்லை. மூன்றாவது தடவை இரண்டும் வந்தன. தட்டை வைத்த வேகத்தில் மேசை ஆடி, பீர் பெலார்மினோவின் மடியில் கவிழ்ந்தது.

"இதோ சரி பண்ணிடறேன்," என்று ஸெஃபெரினோ மேசைமேல் இருந்த அந்த நான்கு பக்கங்களை எட்டாக மடித்து, மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார்.

"யோவ்! அது என்னோடதுய்யா!"

"நல்ல கனமான காகிதங்கய்யா. இப்ப பாருங்க, ஆடவே இல்ல."

"என்ன காகிதம் அது?" என்றார் எர்மெலிண்டா.

"ஒண்ணுமில்ல... கொஞ்சம் முக்கியமானது."

"முக்கியமானதுன்னா வாயாலயே சொல்லிடுங்களேன்."

பெலார்மினோ வாயைத் திறந்தார். பீர் காலுறைக்குள் இறங்கியது.

"புகார்ப் புத்தகத்தைக் கொண்டாய்யா!"

கடை அடங்கிப்போனது. சட்டப்படி எல்லாக் கடையிலும் இருக்க வேண்டிய புத்தகம். அதில் எழுதினால் அரசாங்கத்துக்கே போகும். டோமினோ ஆடிக்கொண்டிருந்த மீனவர்கள் கட்டைகளைக் கீழே வைத்தார்கள். ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றினார்.

பெலார்மினோ பேனாவைத் திறந்தார். பொருள், பார்வை, பத்தி எண் எல்லாம் முறைப்படி விழுந்தன. எர்மெலிண்டா தன் ரொட்டியை முடித்தார். காப்பி குடித்தார். கப்பல் ஒன்று துறைமுகத்தைவிட்டுக் கிளம்பிக் கண்ணுக்கு மறையும்வரை ஜன்னல் வழியே பார்த்திருந்தார்.

'இணைப்பு இரண்டு' என்று அடிக்கோடிட்டுவிட்டு பெலார்மினோ நிமிர்ந்தபோது, எர்மெலிண்டா கைப்பையோடு நின்றுகொண்டிருந்தார்.

"எர்மெலிண்டா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு..."

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு. உட்கார்ந்து முடிங்க." குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது.

ஸெஃபெரினோ அவருக்குக் கதவைத் திறந்துவிட்டார். கடை முழுக்கக் கேட்கும்படியான ரகசியக் குரலில் கேட்டார்:

"வியாழக்கிழமை அந்த மருந்துக்கடைக்காரரைக் கூட்டிட்டு வர்றப்பவும் இதே அளவு சொதப்பினா போதுமாம்மா, இல்ல கொஞ்சம் கூட்டணுமா?"