மேற்பார்வைத் திறன்

ஆண்குலம் எத்தனையோ படையெடுப்புகளைத் தாங்கியிருக்கிறது. ஆனால் நரின் நகரில் எங்கள் தெருப் பாலர் பள்ளியிலிருந்து கிளம்பிய படையெடுப்புக்கு ஈடாக ஒன்றைச் சொல்ல முடியாது. அதை முறியடித்தவன் என்ற முறையில் அடக்கத்தோடு எழுதுகிறேன்.

பள்ளித் தலைவி புருல் அக்கா, நான்கைந்து வயதுப் பிள்ளைகளுக்கு 'அன்றாட வாழ்க்கைத் திறன்' என்று ஒரு வகுப்பு தொடங்கினார். கிண்ணம் கழுவுவது, துணி மடிப்பது, உருளைக்கிழங்கு தோலுரிப்பது.

முதல் நாள் மாலையே என் மகன் எர்நிஸ் முக்காலியை இழுத்துப்போட்டு ஏறி, என் தேநீர்க் கிண்ணத்தைக் கழுவினான்.

"யாருடா உன்னைக் கழுவச் சொன்னது?"

"யாரும் சொல்லலப்பா. அழுக்கா இருந்துச்சு."

நான் திகைத்தேன். முப்பத்தாறு வருடமாக வீட்டில் வாழ்கிறேன். ஒரு கிண்ணம்கூட என் கண்ணுக்கு அழுக்காகத் தெரிந்ததில்லை. மருத்துவமனையில் தாதியாக இருக்கும் என் மனைவி ஜிபெக் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். அவன் இரண்டாவது கிண்ணத்தைக் கழுவும்வரை மேலங்கியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து பார்த்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். குடும்பம் சீரழியத் தொடங்கிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

மறுநாள் ஏழு தகப்பன்மார் தூதுக்குழுவாகப் பள்ளிக்குப் போனோம்.

"இன்னைக்குக் கிண்ணம், நாளைக்கு மாவு. அப்புறம் என் பையன் எந்த வீட்டுக்கு மருமகளாப் போறது?" என்றான் பக்கத்து வீட்டுத் துருஸ்பெக்.

"கழுவினா கை தேஞ்சிடுமா தம்பி?" என்றார் புருல் அக்கா.

"கை தேயாதுக்கா. பேரு தேயும்."

நான் சமரசத் திட்டம் வைத்தேன்: பெண் பிள்ளைகளுக்குச் 'செயல்திறன்', ஆண் பிள்ளைகளுக்கு 'மேற்பார்வைத் திறன்'.

"அதை நடத்த எனக்குத் தெரியாதே, கனிபெக் தம்பி."

"நடத்தவே வேண்டாம்க்கா. உக்கார வைங்க, போதும்."

 அவர் சரி என்றார்.

கிண்ணம் கழுவும் முக்காலியிலிருந்து இறக்கப்பட்ட எர்நிஸ் இரண்டு நாள் அழுதான். மூன்றாம் நாள் நிறுத்திக்கொண்டான். முன்னேற்றம் என்று குறித்துக்கொண்டேன்.

மாதக் கடைசியில் கல்வித்துறை அதிகாரி முன்னிலையில் செயல்விளக்கம். பெண் பிள்ளைகள் விரிப்பு விரித்து, ரொட்டி பிய்த்து வைத்து, தேநீர் ஊற்றினார்கள். ஆண் பிள்ளைகள் திண்டில் சாய்ந்து கால் நீட்டியிருந்தார்கள்.

"என் காலுறையை எங்க வெச்சே?" என்றான் துருஸ்பெக்கின் மகன்.

எர்நிஸ் நிமிர்ந்து பார்க்காமல் கிண்ணத்தை நீட்டினான். "ஆறிப்போச்சு. வேற ஊத்து."

அதிகாரி வியந்துபோனார். "தத்ரூபமா இருக்கே. எத்தனை நாள் பயிற்சி?"

"இங்க ஒரு நாள்கூட இல்லைங்க," என்றார் புருல் அக்கா.

எல்லோரும் சிரித்தோம். தேநீர் ஊற்றிய சிறுமி கொஞ்சம் தாமதித்தாள். எர்நிஸ் அவளிடம் கேட்டான்: "நாள் பூரா சும்மாதானே இருந்தே? இதுகூட முடியலையா?"

பணி முடிந்து நேராக அங்கே வந்திருந்த ஜிபெக் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எழுந்து, மகனிடம் போய், அவன் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

அதனால் சான்றிதழை நான்தான் வாங்க வேண்டியிருந்தது. மேற்பார்வைத் திறனில் என் மகன் முதல் வகுப்பு. 'பயிற்சி அளித்த ஆசிரியர்' என்ற இடத்தில் புருல் அக்காவின் அழகான கையெழுத்தில் என் முழுப் பெயர் இருந்தது. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.