மலை இறங்க மாட்டேன் என்ற வண்டி

அன்பு மாப்பிள்ளை தமிழ்மணிக்கு, உன் தாய்மாமன் ராஜாக்கண்ணு தன் கையாலேயே எழுதிக்கொள்வது.

முதலில் என் கையெழுத்தை மன்னித்துக்கொள். ஒரு எழுத்து பூசணிக்காய் அளவும் அடுத்த எழுத்து சாமை அளவும் இருக்கும். வரிகள் நம்மூர் பஸ் போல வளைந்து வளைந்துதான் வந்து சேரும். பென்சிலை அழுத்திப் பிடிக்கிறேன், ஆகையால் தாளின் பின்பக்கத்தைத் தடவிக்கூட நீ படிக்கலாம். ஆடி மாதம் வரை கைநாட்டு வைத்தவன் நான். இப்போது உன் பெயரை எழுதினால் நீயே எதிரில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் நடுவே எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன். மாலை வகுப்பு எடுக்கிற தேவயானி டீச்சர், "நீங்க எழுதுறத நல்ல தமிழ்ல எழுதுங்க தாத்தா, ஆளுங்க பேசுனத மட்டும் பேசுனாப்லயே எழுதுங்க"ன்னு சொன்னது. இதோ, அதற்குள் தவறிவிட்டேன். 'என்று சொன்னாள்' என்று படித்துக்கொள்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால்தான் சிக்னல் வரும். உன் அம்மாவும் கூடவே ஏறி வந்து நான் சொல்வதையெல்லாம் திருத்துவாள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

இங்கே நான், என் தங்கை பச்சையம்மா, மாடுகள் எல்லோரும் நலம். காட்பாடியில் நீயும் மருமகள் கவியாவும் நலமாக இருக்க வேண்டும். சாமை வீடு வந்து சேர்ந்தது. பனி மட்டும் இந்தக் கார்த்திகையில் அதிகம். பகல் பதினோரு மணிக்கும் பலாமரம் தெரிவதில்லை, அதன் அடியில் நிற்கிற உன் அப்பாவின் பிக்கப் வண்டியும் தெரிவதில்லை. அது அங்கே நிற்கிறது என்று மட்டும் தெரிகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உன் அப்பா, என் மச்சான் முனிசாமி, போன தையில் கண்ணை மூடிய பிறகு அந்த வண்டியை யாரும் தொடவில்லை. நீ அம்மாவைக் காட்பாடிக்குக் கூப்பிட்டாய். நியாயமான பிள்ளை. அதற்கு அவள் சொன்ன பதிலை நீயும் போனில் கேட்டாய். "உங்கப்பன் வண்டியிலதான் எறங்குவேன். வண்டி எறங்கினா நானும் எறங்குறேன். அது மாட்டேன்னா நானும் மாட்டேன்." உடனே நீ, "மாமா, வண்டிய ரெடி பண்ணிடு" என்று என்னிடம் சொல்லிவிட்டாய். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு அவள் கையால் களி தின்கிறவன் நான். அவள் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வேலையைத் தொடங்கினேன்.

ஜமுனாமரத்தூரிலிருந்து மெக்கானிக் ஆனந்தனை அழைத்து வந்தேன். சாவியைத் திருப்பினான். டக் என்று ஒரே ஒரு சத்தம், உள்ளேயிருந்து யாரோ நாக்கைச் சொடுக்குவது போல. மறுபடி திருப்பினான், மறுபடி டக். சாவியை எடுத்துவிட்டு அவன் கீழே இறங்கியதும் முன்விளக்கு இரண்டும் தூங்கி எழுகிற கண் மாதிரி மெதுவாகத் திறந்து, மங்கலாக எரிந்து, உன் அம்மா வீட்டு வாசலைப் பார்த்துவிட்டு அணைந்தன. கண்ணாடியைத் துடைக்கிற கம்பி ஒரே ஒரு தரம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் நின்றது. ஆனந்தன் என்னைப் பார்த்தான். நான் பலாமரத்தைப் பார்த்தேன். உன் அம்மா வாசலில் நின்று, "இன்னாங்க, எழுந்துட்டீங்களா?" என்று வண்டியைக் கேட்டாள். நல்ல வேளை, வண்டி பதில் சொல்லவில்லை.

ஆனந்தன் பானட்டைத் திறந்தான். பேட்டரியின் எர்த் ஒயர் மேல் ஒரு எலுமிச்சம்பழம் சிவப்புக் கயிற்றில் கட்டியிருந்தது. காய்ந்து கறுத்து, மூடிய கண் போல இருந்தது. நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். வண்டிக்குக் கட்டின பழத்தைக் கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும், வேறு கை படக் கூடாது. "பெரியம்மா கட்னது போல. நான் கை வெக்க மாட்டேன்ப்பா" என்று அவன் பழத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அதைச் சுற்றிச் சுற்றியே வேலை பார்த்தான். பியூஸைப் பார்த்தான். செல்ப் மோட்டாரைக் கழற்றி மாட்டினான். சாவி போடுகிற சுவிட்சை மாற்றினான். பேட்டரியை இருந்த இடத்திலேயே வைத்துச் சார்ஜ் ஏற்றினான். வண்டி பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டு உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் இருமுவது போலவே இருமுகிறது அந்த வண்டி.

நல்ல நாள் பார்த்து, டிரங்குப் பெட்டியை ஏற்றி, கோழியை மடியில் வைத்துக்கொண்டு உன் அம்மா நடுவில் உட்கார, அமிர்தி வழியாக இறங்கினோம். நடுமலையில் நட்ட கல் நிற்கிற கொண்டையூசி வளைவு உனக்குத் தெரியும். இறங்குகிற வண்டிகள் அங்கே ஒரு ஹாரன் கொடுத்து உத்தரவு வாங்கிக்கொண்டுதான் போகும். மச்சான் ஒரு நாளும் தவறியதில்லை. நாங்கள் அங்கே போய் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்ததும், ஆனந்தன் கை வைப்பதற்கு முன்னாலேயே ஹாரன் தானாக அடித்தது. விடாமல் அடித்தது. மலை முழுக்க அது திரும்பத் திரும்பக் கேட்டது. பிறகு ஹாரன், இன்ஜின், விளக்கு எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. காட்டில் ஒரு குருவி இல்லை. மடியில் இருந்த கோழி கண்ணை மூடிக்கொண்டது. "உத்தரவு இல்லியாம்" என்றாள் உன் அம்மா, பஸ் இல்லையாம் என்று சொல்வது போல.

பின்னால் பஸ் வந்து நின்றது. ஜனங்கள் இறங்கி வண்டியைக் கையாலேயே தள்ளி, வந்த பக்கம் பார்த்துத் திருப்பினார்கள். மலை ஏறுகிற முகமாக நின்றதும் ஆனந்தன் சாவியைத் தொட்டான். உடனே ஸ்டார்ட்! தள்ளினவர்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதையும் மறந்து கும்பிட்டார்.

சூடம் கொளுத்திவிட்டு இன்னொரு நாள் போனோம். அதே வளைவு, அதே ஹாரன், அதே அமைதி. அன்றும் பின்னால் வந்து நின்ற பஸ்ஸில் இருந்த ஒரு கிழவர், என்னைவிடக் கிழவர், "ரிவர்ஸ்ல எறக்குங்கய்யா. ஏறுறோம்னு நெனச்சிக்கும்" என்றார். சிரிக்காதே. செய்தோம். உன் அப்பாவின் வண்டி பின்பக்கமாக, மூஞ்சியை மலைப்பக்கம் காட்டியபடியே, நட்ட கல்லைத் தாண்டி ஒரு முனகல் இல்லாமல் இறங்கியது. எதிரே வந்த தேன்காரர்கள் ஓரமாக ஒதுங்கி, ராஜாவுக்கு வழிவிடுவது போல நின்றார்கள். கீழே ஒரு அகலமான இடத்தில், அதுதான் ஏமாந்துவிட்டதே என்று நேராகத் திருப்பினோம். நின்றுவிட்டது. அதற்குத் தெரிந்துவிட்டது.

திரும்பி வருகிற வழியில் நான் யோசித்தேன், மாப்பிள்ளை. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் எதையும் மெதுவாகத்தான் யோசிப்பான், ஆனால் ஒரு எழுத்தையும் விட மாட்டான். நட்ட கல் வளைவிலிருந்துதான் சரிவு செங்குத்து. அங்கே மூக்கு கீழே இருந்தால் நிற்கிறது. மூக்கு மேலே இருந்தால் ஓடுகிறது. அப்படியானால் இது கல்லின் கோபம் இல்லை, ஏதோ ஒன்று முன்னால் சரிகிறது. பானட்டைத் திறக்கச் சொன்னேன். ஆனந்தன் பேட்டரியை ஒரு விரலால் முன்னே சாய்த்தான். எலுமிச்சம்பழம் எர்த் கிளாம்பை நெம்பித் தூக்கியது. பின்னே சாய்த்தான், கிளாம்பு மறுபடி உட்கார்ந்தது. பழச்சாறு இறங்கிக் கிளாம்பெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. "அடப்பாவி, இத்தன நாளு இதக் கும்புட்டுக்கினு இருந்தமே!" என்று தலையில் அடித்துக்கொண்டான். ஹாரனும் அப்படித்தான். மூக்கு கீழே இருக்க ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது தேய்ந்த ஒயர் ஒன்று இரும்பில் உரசுகிறது. அந்த மலையில் அவ்வளவு ஒடிக்க வேண்டிய வளைவு அது ஒன்றுதான்.

பழத்தை அவிழ்ப்பது யார் என்று கேள்வி வந்தது. தங்கை கட்டினதை அண்ணன் அவிழ்த்தால் பாவம் இல்லை என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு கை வைத்தேன். முடிச்சு அசையவில்லை. இழுக்க இழுக்க இறுகியது. கடைசியில் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கத்தியால் அறுத்தேன். அறுந்த கயிறு என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை. கிளாம்பை வெந்நீர் ஊற்றித் தேய்த்து, முறுக்கி, ஒயருக்கு டேப் சுற்றினோம். உன் அம்மா அடுப்படியில் இருந்தபோதே ஆனந்தனும் நானும் மூக்கை நேராகவே வைத்துக்கொண்டு அமிர்தி வரை போய்வந்தோம். நட்ட கல் வளைவில் ஆனந்தன் மரியாதையாக ஒரு ஹாரன் கொடுத்தான். வேறு எதுவும் கேட்கவில்லை. குருவிகள்கூடக் கத்தின.

ஆகவே வண்டி தயார். பேய் இல்லை, பழம்தான். நீ ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவை அழைத்துப் போகலாம். எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அதை எழுதுகிற அளவுக்கு இன்னும் எழுத்துப் பழகவில்லை. நீயும் கவியாவும் நெல்லும் பாலும் குறையாமல், பிள்ளை குட்டி பெற்று, என் எழுத்தைப் படிக்கிற பொறுமையும் பெற்று, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தாய்மாமன்
ராஜாக்கண்ணு (கையெழுத்து, கைநாட்டு அல்ல)

பின்குறிப்பு: மடிப்பதற்கு முன் கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். என் குரலில் என் எழுத்தைக் கேட்டது எனக்கே பெருமையாக இருந்தது. பழம் வருகிற இடத்தில் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் எங்க கட்டினேண்ணா? வண்டி மூடிய எப்டித் தெறக்கறதுன்னே எனக்குத் தெரியாதே. நீ கட்டினன்னு இல்ல நெனச்சேன்."

நான் கட்டவில்லை. அவள் கயிற்றைக் கேட்டாள். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். முடிச்சு எல்லோர் முடிச்சுக்கும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. உன் அப்பா இடதுகைக்காரர். புளி மூட்டைக்கு அவர் போட்ட முடிச்சைச் சந்தையில் ஒருவராலும் அவிழ்க்க முடியாது, மூட்டை இறக்குகிறவர்கள் திட்டிக்கொண்டே அறுப்பார்கள். நீயும் பார்த்திருக்கிறாய்.

பிறகு இருவரும் போய்ப் பானட்டைத் திறந்தோம். தேய்த்துப் பளபளவென்று வைத்த கிளாம்பின் மேல் புதிய எலுமிச்சம்பழம் ஒன்று கட்டியிருந்தது. பச்சையாக, காம்பில் ஒரு இலையோடு, பனி ஈரத்தோடு. நீ என்ன நினைக்கிறாய் என்று தெரிகிறது. சத்தியமாக நான் இல்லை, மாப்பிள்ளை. இடது கையில் எனக்குப் பென்சிலே நிற்காது.

அறுக்கக் கத்தியை எடுத்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தைக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

"வுடுண்ணா. கட்னவரு வந்து அவுக்கட்டும்" என்றாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து புடவைகளை மறுபடி கொடியில் போட்டுவிட்டு, இரண்டு பேருக்குக் களி கிண்டப் போய்விட்டாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ வருவதானால் பஸ்ஸில் வா, சாப்பிட்டுவிட்டுப் போ. பென்சில் இன்னும் பாதி இருக்கிறது. பழம் காய்கிறதா, புதிதாகிறதா என்று பார்த்து அடுத்த வாரம் எழுதுகிறேன்.