நீங்க மொதல்ல பண்ணுங்க

ஜிம்மில் தம்பிதுரை அந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்று இருபது நிமிஷம் ஆகியிருந்தது. தோளில் புதுத் துண்டு, காலில் புது ஷூ, வயது ஐம்பத்தொன்று. உட்கார வேண்டியதுதான் பாக்கி.

உட்காரப் போன சமயம் பார்த்து எபினேசர் வந்துவிட்டான். அவனுடைய கை ஒன்று தம்பிதுரையின் தொடை அளவு இருக்கும். ஆனாலும் மரியாதைக்காரன்.

“நீங்க பண்றீங்களாண்ணா?”

“இல்லீங்க, நீங்க பண்ணுங்க.”

“வேண்டாமுங்ண்ணா, வயசுல பெரியவங்க. நீங்க மொதல்ல பண்ணுங்க.”

“எனக்கென்னங்க அவசரம், நீங்க மொதல்ல.”

கோயமுத்தூர்க்காரர்கள் இரண்டு பேர் ஒரு வாசலில் சந்தித்துக்கொண்டால் மூன்றாவது ஆள்தான் முதலில் உள்ளே போவான். இங்கேயும் அதேதான் நடந்தது. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வந்த ஒருவன் இருவரையும் பார்க்காமலே பெஞ்சில் மல்லாந்து படுத்துவிட்டான். எபினேசர் வேறு பக்கம் போனான். தம்பிதுரை கண்ணாடியைப் பார்த்தார். அந்த ஜிம்மில் நாலு சுவரும் கண்ணாடி, எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருடைய தொப்பைதான் எதிரே வந்தது. பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். இப்படி இது பதினோராவது நாள்.

அவர் ஆசைப்பட்டு இங்கே வந்தவரல்ல. சிங்காநல்லூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் ஸ்டோர்ஸில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்தே பார்க்கிற வேலை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஒன்பதரைக்கு ஏறிவிட்டது. நடந்தது போதும், இனிமேல் பாரம் தூக்கி உடம்பில் சதை வைக்க வேண்டும், மூன்று மாதம் கழித்து ரத்தத்தைப் பார்ப்பேன், இறங்கவில்லை என்றால் ஊசிதான் என்று டாக்டர் முஸ்தபா சொல்லிவிட்டார். தம்பிதுரைக்கு ஊசி பெரிதில்லை. அவர் மனைவி சாந்தாமணிக்குத்தான் அந்த வார்த்தையே ஆகாது. அவளுடைய அப்பாவுக்கு முதலில் ஊசி வந்தது, பிறகு கால் விரல் போனது, பிறகு முட்டிக்குக் கீழே எல்லாமே போனது. டாக்டர் அறையிலேயே அழுதவள், அன்று சாயங்காலமே கூட வந்து அவரை ஜிம்மில் சேர்த்துவிட்டாள்.

ஜிம்மில் கற்றுக்கொடுப்பவள் நந்திதா. முப்பது வயதிருக்கும், பாரம் தூக்கி மெடல் வாங்கியவள். முதல் நாள் அவர் கையில் இரண்டு கிலோ டம்பெல் இரண்டைக் கொடுத்தாள். இரண்டும் ரோஸ் நிறம். பக்கத்தில் எபினேசர் ஒரு கல்யாண வீட்டு அண்டா கனத்தைத் தூக்கி இறக்கிக்கொண்டிருக்க, தாம் ரோஸ் நிறத்தில் எதையோ வைத்து ஆட்டிக்கொண்டிருப்பதைத் தம்பிதுரை நாலு கண்ணாடியிலும் பார்த்தார். மெல்லக் கீழே வைத்தார்.

“நானே பாத்துக்கறனுங்க அம்மணி,” என்றார்.

நந்திதா வற்புறுத்தவில்லை. அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, சரி என்று போய்விட்டாள். அதன் பிறகு அவர் நின்றார், தண்ணீர் குடித்தார், மற்றவர்களை முதலில் பண்ணச் சொன்னார். நல்லவேளையாக, எல்லோருமே அவர் சொன்னபடி கேட்டார்கள்.

வீட்டில் சாந்தாமணி தினமும் கேட்டாள். “இன்னைக்கு எத்தனை கிலோங்க?”

ஒன்றுமில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வராது. பத்து என்றார். மறுவாரம் பதினைந்து என்றார். கேழ்வரகுக் களியைத் தட்டில் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்:

“பதினஞ்சு தூக்கறவிங்களுக்கு இந்த அரிசிச் சிப்பம் ஒரு பொருட்டுங்களா? கீழ எறும்பு தாங்கல. மேல் ரூமுக்குக் கொண்டுபோயிருங்க.”

சிப்பம் இருபத்தாறு கிலோ. படி பதினெட்டு. மூச்சு வாங்க மேலே வைத்துவிட்டு இறங்கினால், மேலே எலி இருக்குமே என்று அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கீழே கொண்டுவந்தார். கொஞ்சம் யோசித்து, எலியாவது பொறியில் விழும், எறும்பு எதில் விழும் என்று திரும்பவும் மேலே அனுப்பினாள். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். தம்பிதுரைக்கு வேளாவேளைக்குக் கிடைத்தது, கொள்ளும் முட்டையுமாகவே கிடைத்தது. ஆனால் அதைச் செரிக்க வைத்த பிறகுதான் விட்டாள்.

இது ஆகாது என்று ஒரு நாள் தோள்பட்டை வலிக்கிறது என்றார். ஜிம்மில் பிடித்துக்கொண்டது, ஒரு வாரம் கையால் எதையும் தூக்கக் கூடாதாம், காலுக்கு மட்டும்தான் பயிற்சியாம். இதைவிடப் பத்திரமான பொய் கிடையாது என்று அவருக்குத் தோன்றியது.

“அப்பக் கால் சும்மாதானுங்களே இருக்குது,” என்றாள் சாந்தாமணி.

அந்த வாரம் பீரோவுக்கு முதுகைக் கொடுத்து, காலை ஊன்றித் தள்ளினார். வடக்குச் சுவரிலிருந்து தெற்குச் சுவருக்கு, பிறகு வாஸ்து சரியில்லை என்று வடக்குக்கே, பிறகு கண்ணாடியில் கட்டில் தெரிகிறது என்று தெற்குக்கே. ஒவ்வொரு தடவைக்கும் நடுவே இரண்டு நிமிஷம் உட்காரச் சொன்னாள். “முதுகை வளைக்காதீங்க, முட்டியை மடக்குங்க,” என்று ஓரத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இதையெல்லாம் இவள் எங்கே கற்றாள் என்று கேட்கக்கூட அவருக்கு மூச்சு இல்லை.

அடுத்ததாகத் தோளும் காலும் இரண்டுமே பிரமாதமாகிவிட்டன, இனிப் பயிற்சியே வேண்டாமாம் என்று சொல்லிப் பார்த்தார். அது எல்லாவற்றையும்விட மோசமாகப் போனது. சாந்தாமணி சந்தோஷத்தில் சோமனூரில் இருக்கும் அண்ணன் தனபாலுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். தனபால் பன்னிரண்டு விசைத்தறி வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குக் கூப்பிட்டார். இலையில் கோழிக் குழம்பு விழுவதற்கு முன்னால் தறிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“ஒரு ஆள் ஊருக்குப் போயிட்டானுங்க மாப்ள. நாலு பாவு ஏத்தோணும். நீங்க ஒரு முனையைப் புடிச்சீங்கன்னாப் போதும், இன்னொரு முனைக்கு நம்ம கண்ணையா இருக்கறான்.”

பாவு என்றால் ஆயிரக்கணக்கான நூல் இழை சுற்றிய இரும்பு உருளை. அதைத் தறியில் ஏற்றுவதற்குள் தம்பிதுரைக்குக் குலதெய்வத்தின் பெயர் முழுக்க வந்துவிட்டது. கண்ணையாவுக்கு வியர்க்கவே இல்லை. நீங்க மொதல்ல தூக்குங்க என்று இங்கே சொல்லவும் வழியில்லை, இரண்டு முனையும் ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும். மறு ஞாயிறும் அந்த ஆள் ஊரிலிருந்து வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த நாட்களில் தம்பிதுரைக்கு ஓய்வு கிடைத்த ஒரே இடம் ஜிம்தான். அங்கேதான் யாரும் அவரை எதையும் தூக்கச் சொல்வதில்லை. பயிற்சி வேண்டாமென்றாலும் கட்டின பணம் வீணாகக் கூடாது என்று சாந்தாமணி அனுப்பிவிடுவாள்; காலையில் ஆறு மணிக்குப் போய் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். கண்ணாடியையும் பார்ப்பதில்லை, யார் பார்க்கிறார்கள் என்றும் பார்ப்பதில்லை. கூச்சமும் பயமும் எந்த வாரத்தில் விட்டுப் போயின என்று அவருக்கே தெரியாது. பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமல்லவா?

ஒரு புதன்கிழமை சாய்ந்துகொள்ளலாம் என்று அந்த பெஞ்சுக்குப் போனார். நடுவில் யாரோ இருபது கிலோ இரும்புத் தட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தம்பிதுரை சலிப்போடு அதை ஒரு கையால் எடுத்துச் சுவரோரம் சாத்தினார். அடியில் இன்னொன்று இருந்தது, அதையும் எடுத்துச் சாத்தினார். துண்டை விரித்துப் படுத்தார்.

கண்ணைத் திறந்தால் எபினேசர் நின்றுகொண்டிருந்தான்.

“பண்றீங்களா தம்பி?” என்று எழப் போனார்.

“படுங்ண்ணா, படுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. இதுக்கு முன்னாடி எந்த ஜிம்முல இருந்தீங்க?”

தூக்கக் கலக்கத்தில் தம்பிதுரை, “சோமனூருங்க,” என்றார்.

அன்றிலிருந்து அந்த பெஞ்சு அவருக்கென்று ஆகிவிட்டது. அவர் வந்தால் எழுந்து இடம் விட்டார்கள். சோமனூர்க்காரர் சும்மா நிற்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். இத்தனைக்கும் அவர் அங்கே முறையாக ஒரு பாரத்தைத் தூக்கியது கிடையாது. இந்த மரியாதை அவருக்கு ரோஸ் நிற டம்பெல்லைவிடக் கூச்சமாக இருந்தது, ஆனால் கூச்சப்படுவதற்கு முன்பே தூக்கம் வந்துவிடும்.

மூன்றாவது மாதம் முடிந்தது. ரத்தம் கொடுத்துவிட்டு டாக்டர் முஸ்தபாவின் வராந்தாவில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பிதுரை கையிலிருந்த டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பன்னிரண்டு வாரமாக வாயால் சொன்ன கிலோவெல்லாம் இன்றைக்கு ஒரு காகிதத்தில் பொய்யாகப் போகிறது. ஊசி வரட்டும், அது உடம்போடு போகும். பக்கத்தில் சென்னிமலை முருகன் படத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தவளை எப்படிப் பார்ப்பது?

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். ஆறே முக்கால். ஊசி பேச்சே இல்லை, மாத்திரையில்கூட ஒன்றைக் குறைத்துவிடலாம் என்றார். எல்லாம் அந்த ஜிம்மின் புண்ணியம், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக் குலுக்கியவர், பிடி பலமாக இருந்ததால் தம் கையை உதறிக்கொண்டார்.

சாந்தாமணி வெளியே வந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் தம்பிதுரையால் தாங்க முடியவில்லை. செய்யாத காரியத்துக்கு வரம் கிடைத்தால் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் நெஞ்சு அவருக்கு இல்லை.

“சாந்தா, ஒண்ணு சொல்லோணும். நான் உன்கிட்டப் பொய் சொல்லிப்போட்டேன். அந்த ஜிம்முல நான் ஒரு நா கூட ஒண்ணையுந் தூக்கல. பயமா இருந்துச்சு. சும்மா நின்னுபோட்டு வந்துருவேன்.”

அவள் கோபப்படுவாள், அழுவாள், அண்ணனிடம் சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் மருந்துச் சீட்டை இரண்டாக மடித்தாள்.

“செரி, உடுங்க. இந்தப் பையைப் புடிங்க, மாத்திரை வாங்கிப்போட்டு வாரேன்,” என்று மருந்துக் கடைப் பக்கம் போய்விட்டாள்.

அவ்வளவுதானா? மூன்று மாதமாக நெஞ்சில் வைத்திருந்த பாறாங்கல்லுக்கு ஒரு ‘செரி’யா? தம்பிதுரை புரியாமல் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பைக்குள் அவளுடைய போன் அடித்தது. அவள் திரும்பவில்லை. நின்றுவிட்டு மறுபடியும் அடித்தது. அவசரமாக இருக்கும் என்று எடுத்துக் காதில் வைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து ஜிம் நந்திதாவின் குரல் வந்தது.

“ஏனுங்க்கா, ரிசல்ட் வந்துருச்சுங்களா? நல்லா வந்திருந்தா அண்ணனுக்கு இனி அரிசிச் சிப்பமெல்லாம் பத்தாதுங்க, அடுத்த மூணு மாசத்துக்கு என்னென்ன தூக்க வைக்கோணும்னு புது லிஸ்ட் அனுப்பியிருக்கறேன், சோமனூர்ல உங்க அண்ணன்கிட்ட, ஊருக்குப் போன அந்த ஆளை இன்னுங் கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம்னு மட்டும் சொல்லிப்போடுங்க.”