பக்கத்து வீட்டுப் புகை

ஹாலிஃபாக்ஸில் எல்லாமே புகைவிட்டது. கம்பளி ஆலைகள் விட்டன. ரயில் விட்டது. சாயப்பட்டறை நிறம் நிறமாக விட்டது. காலையில் வெள்ளையாகக் காயப்போட்ட சட்டை மாலையில் சாம்பல் நிறத்தில்தான் வீடு திரும்பும். அப்பேர்ப்பட்ட ஊரில் புகைவிடக் கூடாதென்று தடை விதிக்கப்பட்ட ஒரே ஜீவன் ஒபதியா லம். தடை விதித்தவள் அவருடைய மனைவி தாமரிஸ்.

ஆனால் அவரும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்தான். ஒரு ஞாயிறு ஆராதனையில் போதகர் புகையிலையைத் திட்டித் தீர்த்துவிட்டு, "இந்தப் பாவத்தை இன்றே விடப்போகும் தைரியசாலி யார்?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துத் தாமரிஸின் முழங்கை ஒபதியாவின் விலாவில் இறங்கியது. வலி தாங்காமல் எழுந்துவிட்டார். சபை முழுவதும் "அல்லேலூயா!" என்று முழங்கியது. அதற்கப்புறம் எந்த மனிதனால் உட்கார முடியும்? அதோடும் விடவில்லை. புகையிலை ஒழிப்புச் சங்கத்துக்கு அவரையே தலைவராக்கி, புதன்கிழமைதோறும் பேசவும் வைத்தார்கள். உருக்கமாகப் பேசினார். அனுபவஸ்தர் அல்லவா!

பேச்சு வேறு, சுங்கான் வேறு. பத்து மணி நேரம் ஆலையில் நின்று ஆட்டு மயிரைத் தரம் பிரித்துவிட்டு வரும் மனிதனுக்கு, சுங்கான் என்கிற அந்தக் களிமண் புகைக்குழாயில் நாலு இழுப்பு இழுக்காவிட்டால் உயிர் எதற்கு? உலகத்தில் அவருக்கு இருந்த இன்பமே அது ஒன்றுதான்.

சாயங்காலம் தாமரிஸ், பக்கத்து வீட்டு ஹெப்சிபாவோடு சபைக்குத் தையல் வேலைக்குப் போவாள். அவள் தலை தெருமுனையில் மறைந்ததும் ஒபதியா சமையலறைக் கணப்பின் முன்னால் மல்லாந்து படுப்பார். தலையை நெருப்புக்குப் பக்கத்தில் நீட்டி, சுங்கானைப் பற்றவைத்து, புகையை நேரே புகைபோக்கிக்குள் ஊதுவார். நெருப்புச் சூடு அதை அப்படியே மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். முடிந்ததும் சுங்கான் புகைபோக்கிக்குள்ளேயே, கைக்கெட்டும் ஒரு செங்கல் விளிம்பில் போய் உட்காரும். பிறகு வாய் வாடையை மறைக்க ஒரு பச்சை வெங்காயம். சாட்சியே கிடையாது.

"ஏங்க, உங்க இடது புருவம் எங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வயசாகுதில்ல தாமரிஸ். உதிருது."

"ஒரு பக்கம் மட்டுமா வயசாகும்?"

"நான் அந்தப் பக்கம்தான் ஒருக்களிச்சுத் தூங்குறேன்."

அதற்கும் "ஓகோ" என்றாள். ஒபதியாவுக்குத் தன் சமயோசிதத்தைப் பார்த்துத் தனக்கே பெருமை பிடிபடவில்லை.

கெட்ட காலம் ஒரு செவ்வாய்க்கிழமை காற்று வடிவில் வந்தது. மலைப்பக்கத்திலிருந்து எதிர்க்காற்று அடிக்க, மேலே போன புகையெல்லாம் திரும்பிக் கீழே இறங்கி வீட்டுக்குள் உலா வந்தது. சுங்கானை உள்ளே தள்ளவும் தாமரிஸ் கதவைத் திறக்கவும் சரியாக இருந்தது. வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன வாடை இது?"

"எது?"

"புகையிலை வாடை."

மாட்டினோம் என்று நினைத்தார். அடுத்த கணமே நாக்கு தானாக வேலை செய்தது. "அதையேன் கேக்குற! எல்லாம் நம்ம எனோக் பண்ற வேலை. அவன் வீட்டுப் புகைபோக்கியும் நம்மளதும் மேல ஒட்டிக்கிட்டுத்தானே நிக்குது? அவன் அங்க ஊதுறான். காத்து அதை இங்க கொண்டாந்து கொட்டுது. சங்கத் தலைவர் வீட்டுக்குள்ள! எனக்கு எவ்வளவு அவமானம், சொல்லு."

ஹெப்சிபாவின் கணவர் எனோக் சட்கிளிஃப் அதே சங்கத்தின் செயலாளர். சின்ன வயதிலிருந்து சிநேகிதன். சிநேகிதனைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் போகும்போது யார் தோளில் ஏறினால் என்ன?

தாமரிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபப்படவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாவங்க நீங்க. விட்டொழிச்ச மனுசனுக்குத் தினம் தினம் அடுத்தவன் புகையா? மறுபடி ஆசை வந்துட்டா என்ன ஆகும்?"

"வராது, வராது."

"வரும். இந்தத் திறந்த கணப்பு இருக்கிறவரைக்கும் வரும். அடைச்சிடுவோம்."

"எதை?"

"கணப்பைத்தான். அந்த இடத்துல இரும்பு அடுப்பு ஒண்ணு வெச்சுட்டா, முன்னாடி கதவு, மேல தகடு, சுத்திலும் செங்கல் பூச்சு. ஒரு பொட்டுப் புகை உள்ள வராது. ரொட்டியும் உள்ளேயே வேகும்."

"நம்ம கணப்புக்கு என்ன குறைச்சல்? எங்கப்பா அதுலதான் குளிர் காஞ்சாரு!"

"அப்ப நாளைக்குப் புதன்கிழமை. கூட்டத்துல நானே எந்திரிச்சு, 'எனோக்கோட புகை எங்க வீட்டுல இறங்குது, விசாரிங்க'ன்னு கேட்டுடட்டுமா?"

விசாரணையா! ஒபதியாவின் மிச்சமிருந்த புருவமும் வேர்த்தது. "வேணாம் வேணாம். சிநேகிதன் மானம் போயிடும். நீ... நீ அடுப்பையே வாங்கு."

"உங்களுக்குத் தங்கமான மனசுங்க," என்றாள் தாமரிஸ்.

காலையில் வேலைக்குப் போகுமுன் சுங்கானை எடுத்துவிடலாம் என்று பார்த்தார். தாமரிஸ் கணப்பின் முன்னால் கஞ்சி கிண்டிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு நேரம் கிண்டிய கஞ்சியை அவர் ஆயுளில் பார்த்ததில்லை. சரி, அடுப்பு வர எப்படியும் பத்து நாள் ஆகும் என்று தேற்றிக்கொண்டு கிளம்பினார்.

மாலையில் திரும்பினால் வாசலில் வண்டி நிற்கிறது. இரும்புக் கடைக்காரர் இவ்வளவு சுறுசுறுப்பான ஆசாமி என்று அவர் கேள்விப்பட்டதே இல்லை. உள்ளே கறுப்பாக, பளபளவென்று, ஒரு குட்டி யானை மாதிரி அடுப்பு உட்கார்ந்திருந்தது. கொத்தனார் சுற்றிலும் பூசிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் சந்து பாக்கி.

"கொஞ்சம் பொறுப்பா! உள்ள ஒரு தடவை பாத்துடறேன்."

"உள்ள என்னங்க இருக்கு?" என்றாள் தாமரிஸ் பின்னாலிருந்து.

"பறவை ஏதாவது கூடு கட்டியிருந்தா? பாவம்ல?"

"பறவையா? கொத்தனாரே, நீங்களே கையை விட்டுப் பாருங்க. எது கிடைச்சாலும் வெளிய எடுத்து எல்லாருக்கும் காட்டுங்க."

கொத்தனார் சட்டைக் கையைச் சுருட்டினார். ஒபதியா பாய்ந்து குறுக்கே வந்தார். "வேணாம்! பறவையெல்லாம் இருக்காது. பூசுங்க, பூசுங்க!"

கடைசிச் செங்கல் ஏறியது. சுங்கான் உள்ளே, ஒபதியா வெளியே. பூச்சு ரொம்ப நேர்த்தி என்று கொத்தனாரைப் பாராட்டி வைத்தார்.

பிறகுதான் பொறி தட்டியது. எனோக் வீட்டுக் கணப்பு திறந்துதானே இருக்கிறது! அவன் மட்டும் யோக்கியனா? ஆளுக்கு நாலு இழுப்பு அங்கே இழுத்தால் போயிற்று. தாமரிஸ் ரொட்டிக்கு மாவு பிசையும் நேரம் பார்த்து பின்பக்கமாக நழுவி அடுத்த கதவைத் தட்டினார்.

எனோக் திறந்தார். எழவு வீட்டு முகம். உள்ளே கைகாட்டினார். அங்கேயும் கறுப்பாக, பளபளவென்று, ஒரு குட்டி யானை.

"யோவ், என்னய்யா இது?"

"உன் வீட்டுப் புகை எங்க வீட்டுல இறங்குதுன்னு சொல்லித் தொலைச்சேன்," என்றார் எனோக். "நேத்து எதிர்க்காத்து அடிச்சிச்சு பாரு. வேற வழி தெரியல."

"அடப் பாவி! உன்னுது எங்க?"

"செவுத்துக்குள்ள. உன்னுது?"

"என்னுதும்தான்."

சங்கத் தலைவரும் செயலாளரும் அந்தக் கறுப்பு அடுப்பின் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மாவுக் கையோடு தாமரிஸ். அவளுக்குப் பின்னால் சமையல் அங்கியின் முனையால் வாயைப் பொத்திக்கொண்டு ஹெப்சிபா.

ஒபதியாவுக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. "ஏம்மா, நேத்து ராத்திரி பேசினோம். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள எப்படிடீ ரெண்டு அடுப்பு வந்துச்சு?"

"ரெண்டா எடுத்தா விலையில குறைப்பாங்கன்னு போன மாசமே சொல்லி வெச்சாச்சுங்க," என்றாள் தாமரிஸ். "நீங்க ரெண்டு பேரும் எப்படா பொய் சொல்லுவீங்கன்னுதான் காத்துக்கிட்டு இருந்தோம்."