சுவரில் முட்டிச் சாகும் ஓசோன்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் செய்த மகத்தான காரியம், ஆக்சிஜனில் மின்பொறி விட்டால் எவ்வளவு ஓசோன் வரும் என்று கணக்கம்மா கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்ததுதான். கணக்கம்மா வேலை பார்க்கும், ஓசோனால் காற்றைச் சுத்தமாக்கும் இயந்திரம் செய்யும் நிறுவனத்தின் இயக்குநரே இதைச் சொன்னார். அதுவும் மைக்கில்.

அவள் போட்ட கம்ப்யூட்டர் மாடல் அவ்வளவு அழகு. எலக்ட்ரான் ஓடிவந்து ஆக்சிஜனை இரண்டாக உடைக்கும். உடைந்த துண்டு பக்கத்து ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்டு ஓசோனாகும். மொத்தம் அறுபத்திரண்டு வினைகள், எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. ஒரே முரண்டு, சோதனை அறைக்குள், மூச்சில் போனால் நெஞ்சை அரிக்கும் ஓசோன் ஏறிக்கொண்டே போய்க் கணக்கு முடியாமல் இழுத்தது. ஆகவே, சுவரில் முட்டிய ஓசோன் அத்தனையும் அங்கேயே செத்துப்போகும் என்று கணக்கம்மா ஓர் எண்ணைப் போட்டாள். 'தற்காலிகமாக'. போன வருஷம். கணக்கு முடிந்தது, அறை 'பூரண பாதுகாப்பு' என்று விடை வந்தது.

அந்தப் பூரண பாதுகாப்புக்குள் தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்து இயந்திரத்தைச் சோதிப்பவர் மெக்கானிக்.

"மேடம், மாடல் சொன்னதைவிட ஓசோன் மீட்டர் அஞ்சு மடங்கு காட்டுது. நெஞ்செல்லாம் எரியுது."

"மீட்டர் பழசாயிருக்கும்ணே," என்றாள் கணக்கம்மா. சுவர் எண் ஞாபகத்துக்கு வந்தது. மாடலுக்காக இயக்குநர் கையால் கேடயம் வாங்கிய போட்டோவும் கூடவே வந்தது. எண்ணை அப்படியே விட்டுவிட்டாள்.

உயர்மட்டக் குழு கூடியது. இரண்டு மணி நேரம் ஆழ்ந்து ஆராய்ந்தது.

"சோதனை அறை ஜன்னல் திறந்திருக்கா?" என்றார் இயக்குநர்.

"ஆமா சார். மூச்சு விடணுமே," என்றார் மெக்கானிக்.

"மாடல்ல ஜன்னல் இருக்கா?"

"இல்ல சார்," என்றாள் கணக்கம்மா.

"அப்புறம் எப்படிய்யா ரெண்டும் ஒத்துப்போகும்? ஜன்னலுக்கு ஆணி அடிங்க!"

அடித்தார்கள். மீட்டர் பத்து மடங்குக்குத் தாவியது. குழு மறுபடி கூடி, மீட்டரின் நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டியது: 'பத்தால் வகுத்துப் படிக்கவும்.' நிஜம், மாடலுக்குக் கட்டுப்பட்டது.

நான்காம் நாள் மெக்கானிக் கைக்குட்டையில் இருமியபோது அதில் சிவப்பாகத் தெரிந்தது. கணக்கம்மாவுக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, தப்பு என்னோடதுதான். ஓசோன் சுவர்ல முட்டிச் செத்துரும்னு ஒரு எண் போட்டுட்டேன். நெஜத்துல அப்படிச் சாகாது."

மெக்கானிக் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "சாகுதும்மா. சுவர்ல இல்ல, இங்க முட்டித்தான் சாகுது."

வாசலில் நின்ற இயக்குநர் கைதட்டினார். "பாத்தீங்களா? எங்கயோ ஒரு சுவர் இருக்கத்தானே செய்யுது! மாடல் சரி!"

அறிவியலில் எதையும் மறைக்கக் கூடாது அல்லவா? கணக்கம்மா அன்றே மாடலின் குறிப்பேட்டைத் திருத்தி, இயக்குநரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டாள்:

'சுவர்: ஒன்று. வயது நாற்பத்தெட்டு. இருமுகிறது.'