மூன்று பல் பூனைக்கு ஒரு வரன்

ஒரு காட்டில், அதுவும் பஸ் நிற்காத காட்டில், ஒரு பூனை இருந்தது. வயது பதினாலு. பெயர் பாப்பா. குட்டியில் வைத்த பெயர். மாற்ற யாருக்கும் நேரமில்லை.

வளர்த்தவர் பொன்னுரங்கம் என்ற கிழக்கரடி. அவருக்கு இடுப்பு போய்விட்டது. குனிந்து தட்டு வைத்தால் நிமிர்த்த இரண்டு பேர் வேண்டும். போன மாதம் பாப்பாவின் மேல் இடறி விழுந்து, விழுந்த இடத்திலேயே மத்தியானம் வரை கிடந்தார். பாப்பாவும் பக்கத்திலேயே கிடந்தது. வேறென்ன செய்யும்?

ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து மகள் சேதி அனுப்பினாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை வண்டி வரும். நீங்க மட்டும் வாங்க. மாப்பிள்ளைக்குப் பூனை முடி பட்டாத் தும்மல். அதைக் கோணியில கட்டி மீன் சந்தையில விட்டுடலாம். பொழைச்சுக்கும்."

மீன் சந்தையில் பதினெட்டுக் கடுவன் பூனைகள். பாப்பாவுக்குப் பல் மூன்று. எப்படிப் பிழைக்கும் என்று மகள் சொல்லவில்லை.

பாப்பாவுக்கு வேறு வீடு பார்க்கப் பொன்னுரங்கம் தரகர் காக்காவைக் கூப்பிட்டார். காக்கா செல்போனில் பாப்பாவைப் படம் எடுத்தது. பார்த்தது. அழித்தது. பத்து வருஷத்துக்கு முந்தைய படம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

"வயசு நாலுன்னு போடறேன்."

"பதினாலுய்யா."

"ஒண்ணு விட்டுப்போச்சுன்னு வைங்க."

புதன்கிழமை ஒரு முயல் தம்பதி பார்க்க வந்தார்கள். பொன்னுரங்கம் கேரட் பஜ்ஜி போட்டிருந்தார். இரண்டு ஈடு தின்றார்கள்.

"கொஞ்சம் குதிச்சுக் காட்டச் சொல்லுங்களேன்," என்றாள் முயலம்மா.

பாப்பா யோசித்தது. பிறகு கொட்டாவி விட்டது. மூன்று பல்லும் தெரிந்தன.

"ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்," என்று எழுந்துவிட்டார்கள். மிச்ச பஜ்ஜியைக் கட்டிக்கொண்டுதான் போனார்கள்.

வியாழக்கிழமை ஒரு குரங்கு வந்தது. அதற்கு வீடியோ எடுக்கப் பூனை வேண்டுமாம். பாப்பாவுக்குப் பின்னால் ஒரு வெள்ளரிக்காயை வைத்தது. பயந்து எகிற வேண்டும், அதுதான் படம். பாப்பா திரும்பியது. முகர்ந்தது. அதன் மேலேயே தலைவைத்துப் படுத்துவிட்டது.

"ஒரு லைக் வராது," என்று குரங்கு போய்விட்டது.

சாயங்காலம் பொன்னுரங்கம் பரணிலிருந்து கோணியை இழுத்து, தூசி போகத் தட்டினார். பாப்பா பார்த்துக்கொண்டிருந்தது.

"சும்மாத்தான் தட்டறேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை. வண்டி வர ஒரு மணி நேரம். யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஒரு பெருச்சாளி அம்மாள். பின்னால் எட்டு எலிகள். தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம்.

"வீடு மாறி வந்துட்டீங்கம்மா," என்றது காக்கா. "இங்க பூனை இருக்கு."

"தெரியும். அதைப் பாக்கத்தான் வந்தோம். எம்பேரு தில்லைநாயகி. தானியக் கிடங்குல இருக்கோம், நூத்திப்பத்துப் பேர். பொண்ணு எங்க? வாயைத் தொற தாயி."

பாப்பா திறக்கவில்லை. பதினாலு வருஷத்தில் எந்த எலியும் அதனிடம் இப்படிப் பேசியதில்லை.

"தொற பாப்பா," என்றார் பொன்னுரங்கம். "வண்டி வந்துரும்."

திறந்தது. தில்லைநாயகி தலையை உள்ளே விட்டு எண்ணினாள்.

"மூணு."

"இப்பத்தான் பால் பல் விழுந்து..." என்று காக்கா ஆரம்பித்தது.

"ஒண்ணு ஆடுது. ரொம்ப சந்தோஷம். காது?"

"பாம்புக் காதும்மா!"

"சரியாக் கேக்காது," என்றது பாப்பா. அதற்குக் காக்காவின் பொய்யைக் கேட்டு அலுத்துவிட்டது. "ஒரு கண்ணும் மங்கல்."

"ஒண்ணுதானா?" தில்லைநாயகி முகம் வாடியது. "ரெண்டும்னா நல்லாருக்கும். சரி, பரவால்ல. எல்லாம் கூடி வருமா?"

பொன்னுரங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "அம்மா, நீங்க எலி. இது பூனை."

"கிடங்குக்கு ஒரு பூனைன்னு சர்க்கார்ல ஒரு இடம் வெச்சிருக்காங்கய்யா. இருந்தவங்க போன வாரம் காலமாயிட்டாங்க. தங்கமான குணம், ஒருநாள்கூட எங்களைத் திரும்பிப் பாத்ததில்ல. திங்கக்கிழமை ஆபீசர் மயில் புதுப் பூனையோட வர்றாரு. அதுக்குள்ள இடத்தை நிரப்பிட்டா வந்த வழியே போயிடுவாரு."

பாப்பாவுக்கு மீசை துடித்தது. "நான் எலி பிடிக்கிற குடும்பம்."

"யாரு இல்லேன்னா? எப்பத் தோணுதோ அப்பப் பிடிங்க. நாங்க நின்னு குடுக்கறோம்."

பாப்பா கோணியைப் பார்த்தது. பொன்னுரங்கத்தைப் பார்த்தது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீன்?"

"தினம் ஒண்ணு. முள்ளெடுத்து."

"சரி."

பொன்னுரங்கம் குனிந்து அதன் தலையைத் தடவினார். ரொம்ப நேரம் தடவினார். பிறகுதான் தெரிந்தது, நிமிர முடியவில்லை. எட்டு எலிகளும் சேர்ந்து நிமிர்த்தி வண்டியில் ஏற்றிவிட்டன.

திங்கட்கிழமை மயில் படிவத்தோடு வந்தார். பின்னால் ஓர் இளம் கடுவன். முப்பது பல். எலி பிடிப்பதில் தங்கப் பதக்கம். பாப்பா அரிசி மூட்டை மேல் படுத்திருந்தது.

"பூனை உண்டா?" என்று மயில் படிவத்தைப் பார்த்து வாசித்தார்.

"இருக்காங்க சார்," என்றாள் தில்லைநாயகி.

'உண்டு' என்று எழுதினார். பல் பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லை. எலி பிடிக்குமா என்றும் இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு குட்டி எலி பாப்பாவின் வாலில் ஏறி முதுகு வழியாக இறங்கியது. மயில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார். அதை எழுதக் கட்டம் இல்லை. 'காலியிடம்: இல்லை' என்று போட்டுக் கையெழுத்திட்டார்.

கடுவன் தயங்கி நின்றது. "அம்மா, நீங்க எப்ப ரிட்டயர் ஆவீங்க?"

பாப்பாவுக்குக் கேட்கவில்லை. மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து நூற்றுப்பத்துக் குரல்கள் பதில் சொல்லின:

"அவங்க நூறு வருஷம் இருக்கணும், தம்பி!"

நீதி: வயதான பூனைக்கு வீடு தேடினால் பூனைப் பிரியர்களிடம் கேட்காதீர்கள். எலிகளிடம் கேளுங்கள்.